நத்தைக்கு வழி சொன்ன நாயுருவி

அந்தக் காலத்தில் மரம், செடி, பூச்சி, மனிதர் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். எந்தக் காலம் என்று துல்லியமாகக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏழுமேட்டு மலையில் ஒற்றையடிப் பாதை விழுந்த பிறகு, அந்தப் பாதைக்கு வழிகாட்டிப் பலகை நடுவதற்கு முன்பு.

ஏழுமேட்டு மலையின் உச்சியில் ஒரு பெரிய பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில் கோங்கு மரங்கள் நின்றன. மாசி முடிவதற்குள் கோங்கு தன் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். பிறகு பங்குனியில், ஒரு பச்சை இலைகூட இல்லாத கிளைகளில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மலையின் தலையில் யாரோ மஞ்சளை அரைத்து அப்பியதுபோல இருக்கும். பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள். அதற்குள் எங்கிருந்தோ ஓர் அனல்காற்று கிளம்பி வந்து எல்லாவற்றையும் உலுக்கிக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

அதனால் பங்குனி பிறந்தால் மலைப்பாதையில் கூட்டம்தான். மனிதர்கள் கட்டுச்சோற்றோடு ஏறினார்கள். மான்கள் குடும்பத்தோடு ஏறின. முள்ளம்பன்றி தனியாக ஏறியது. அதனோடு நெருங்கி நடக்க யாரும் விரும்பவில்லை. வழியெல்லாம் முருக்கமரம் பூத்துச் சிவந்திருக்கும், வெட்பாலை பூத்து வெளுத்திருக்கும். நடப்பதற்கு இதைவிட நல்ல மாதம் இல்லை.

முதல் மேட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் போனால் கோங்கம்பாறை. இடப்பக்கம் போனால் கரடு. கரட்டில் நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, கல்லைத் தவிர வேறெதுவும் கிடையாது. பாதையும் கொஞ்ச தூரம் போய், போவதற்கு இடமில்லாமல் நின்றுவிடும்.

பாதை பிரிகிற இடத்தில் முளைத்தவர்தான் வழி சொல்ல வேண்டும் என்பது அக்காலத்து முறை. அங்கே முளைத்திருந்தது நாயுருவி.

நாயுருவியும் பூக்கும். இதைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறதே, இந்தக் கதை பிறந்ததற்கு அதுதான் காரணம். ஒரு முழ நீளக் கதிர். அதில் கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள். பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம். உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ் போன்ற பகுதிகளும் ஐந்து மகரந்தத் தாள்களும் எண்ணலாம். அப்போதெல்லாம் அந்தப் பூக்கள் எல்லாம் முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தன. ஆனால் உட்காரவும் யாருமில்லை, உற்றுப் பார்க்கவும் யாருமில்லை. எல்லோரும் அதன் பூவுக்கு நேரெதிரே மூக்கை வைத்துக்கொண்டு, "இங்கே பூ எங்கே இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள்.

நாயுருவி வலப்பக்கம் காட்டும். போகிறவர்கள் போவார்கள்.

என்றாவது ஒருநாள் யாராவது ஒருவர், "அட, நீங்களும் பூத்திருக்கிறீர்களே!" என்று சொல்லிவிடுவார் என்று நாயுருவி எதிர்பார்த்தது. அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதைக்கூடத் தயாராக வைத்திருந்தது. பெருமையடித்துக்கொள்ளக் கூடாது, அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. "அட, இதுவா? சும்மா, ஏதோ நம்மால் முடிந்தது" என்று சொல்லவேண்டும். காற்று அடிக்கும்போதெல்லாம் அதை முணுமுணுத்துப் பார்த்து, எந்த இடத்தில் லேசாகத் தலையசைப்பது என்பதுவரை பழகி வைத்திருந்தது. பதில் இருந்தது. பாராட்டுதான் வரவில்லை.

அந்த ஆண்டு பங்குனியில், ஒரு விடியற்காலையில் நல்லப்பனும் அவன் மனைவி பாவாயியும் வந்தார்கள். கீழே சமவெளியில் தறி நெய்கிறவர்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடவேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பி வந்ததால் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை.

"ஏம்புள்ள, பல்லு வெளக்க ஒண்ணும் எடுத்தாரலியா?" என்றான் நல்லப்பன்.

"எல்லாம் நானே எடுத்தாரோணும், நீங்க கைய வீசிக்கிட்டு வருவீங்க. அந்தா நிக்குது பாருங்க நாயுருவி. ஒடிச்சுக்குங்க."

நல்லப்பன் ஒடித்தான். இருப்பதிலேயே நல்ல கதிராகப் பார்த்து, அடித்தண்டோடு ஒடித்து, பூ இருந்த பகுதியை இரண்டு விரலால் உருவிக் கீழே உதறிவிட்டு, தண்டைக் கடித்து மென்றுகொண்டே நாயுருவியிடம் கேட்டான்: "ஏனுங்க, இங்க பூவெல்லாம் எங்கீங்க பூத்துருக்குது?"

வாயில் தண்டு இருந்ததால் பேச்சு அவ்வளவு தெளிவாக இல்லை. நாயுருவிக்கு நன்றாகவே புரிந்தது.

"வலப்பக்கம்" என்றது.

"ரொம்பப் புண்ணியமுங்க" என்றாள் பாவாயி. துப்பிவிட்டு நல்லப்பனும் நடந்தான். உருவிப் போட்ட பூக்கள் பாதையில் கிடந்தன. நாயுருவி அவற்றைப் பார்த்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தது. பக்கத்துக் கல்லின்மேல் வெயிலுக்காகக் காத்திருந்த ஓணான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையாட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும். ஆனால் அன்றைக்கு அது தன்னைத்தான் கேலி செய்கிறது என்று நாயுருவிக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் நத்தை வந்து சேர்ந்தது.

நத்தையை அண்ணன் என்பதா, அக்கா என்பதா என்ற கேள்வி வேண்டாம். நத்தை இரண்டும்தான், அதற்கு அதில் சங்கடம் இல்லை. அதன் சங்கடம் வேறு. கோடை வந்துவிட்டால் நத்தைகள் எல்லாம் ஓட்டுக்குள் சுருண்டு, வாசலில் வெள்ளையாக ஒரு மூடி போட்டு அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை தூங்கிவிடும். தை மாதம் படுத்தால் ஆடியில் எழுந்திருக்கும். நத்தைக் குலத்தில் பங்குனியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மலையுச்சி மஞ்சளாகும் என்று ஒரு பறவை சொன்னபோது மற்ற நத்தைகள் சிரித்தன. இந்த ஒரு நத்தை மட்டும் சிரிக்கவில்லை. தை பிறந்ததும் எல்லோரும் மூடி போட்டுக்கொண்டபோது, இது மூடி போடாமல் அடிவாரத்து ஓடையிலிருந்து கிளம்பிவிட்டது. விடிகாலைப் பனியின் ஈரத்தில் நடப்பது, வெயில் ஏறினால் சருகுக்கு அடியில் ஒளிந்துகொள்வது, மறுநாள் பனியில் மறுபடி நடப்பது. இப்படி இரண்டு மாதம்.

"வணக்கம்" என்றது நத்தை. "இங்கே பூ எங்கே பூத்திருக்கிறது என்று சொல்லமுடியுமா?"

ஒடிந்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாயுருவி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்காது.

"இடப்பக்கம்" என்றது.

"மிக்க நன்றி. இன்னும் பத்து நாள் பனி விழும் என்கிறார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஓர் இதழ் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இதழைக் காட்டாவிட்டால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள்." நத்தை தன் இரண்டு கொம்புகளையும் இடப்பக்கம் திருப்பியது. உடம்பைத் திருப்பியது. ஓடு கடைசியாகத் திரும்பியது. அரை அடி போன பிறகு நின்றது.

"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அதோ அந்தக் கல்லிலிருந்து இங்கே வர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் உங்கள் பூதான் எனக்கு முன்னால். அடிவாரத்திலிருந்து இதுவரைக்கும் நான் பார்த்ததில் இவ்வளவு அழகான பூ இல்லை. ஒவ்வொன்றிலும் ஐந்து தாள் இருக்கிறது, இல்லையா?"

நாயுருவிக்கு வாய் திறந்தது. 'வலப்பக்கம், வலப்பக்கம் போ' என்று சொல்லத்தான் திறந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகள் பழகி வைத்திருந்த பதில் முந்திக்கொண்டு வெளியே வந்தது.

"அட, இதுவா? சும்மா, ஏதோ நம்மால் முடிந்தது."

சரியான இடத்தில் லேசாகத் தலையும் அசைந்தது.

"இப்படி அடக்கமாக இருக்கிறீர்களே" என்று சொல்லிவிட்டு நத்தை இடப்பக்கம் புறப்பட்டது.

பொய் வழி சொல்பவர்களுக்கு மானை ஏமாற்றுவது எளிது. சொன்ன மறுகணம் அது கண்ணைவிட்டு மறைந்துவிடும். அதன் பிறகு வருத்தப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். நத்தையை ஏமாற்றியவருக்கு அந்த வசதி இல்லை. அது கண்ணெதிரிலேயே இருந்தது. காலை முழுவதும் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, முழு நம்பிக்கையோடு, கரட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஏப்பா நாயுருவி" என்றது ஓணான், வெயில் ஏறியதும். "அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையே."

"தெரியும்."

"தெரிந்துதான் சொன்னாயா?"

நாயுருவி நத்தை போகும் பக்கத்தைப் பார்த்தது.

"ஒரு முழம்தான் போயிருக்கிறது. கூப்பிடு."

நாயுருவியும் கூப்பிடத்தான் நினைத்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் தடுமாற்றம். 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்றால், பிறந்ததிலிருந்து இதே இடத்தில் நின்று வழி சொல்கிற ஒருவர் எப்படித் தவறாகச் சொல்வார் என்று நத்தை கேட்கும். 'வேண்டுமென்றுதான் சொன்னேன்' என்றால், இந்த மலையில் தன் பூவைப் பார்த்த ஒரே உயிரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவேண்டும். சரி, வேறொரு சொல் தேடலாம் என்று நாயுருவி தேடியது. தேடி முடிப்பதற்குள் நத்தை இரண்டு முழம் போய்விட்டது.

இரண்டு முழம் ஆனதும் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்தது. இப்போது கூப்பிட்டால், போன இரண்டு முழமும் வரும் இரண்டு முழமும் சேர்த்து நான்கு முழம் வீண். 'இதை முன்பே சொல்லியிருக்கலாமே' என்று நத்தை நினைக்காதா?

உச்சிப்பொழுதில் நத்தை ஒரு தேக்கிலைச் சருகுக்கு அடியில் இளைப்பாறியது. கூப்பிடுவதற்கு அதைவிட நல்ல சமயம் இல்லை.

"தூங்குகிறதோ என்னவோ" என்றது நாயுருவி. "எழுப்பவேண்டாம்."

"நல்ல மனசு உனக்கு" என்று ஓணான் தலையாட்டியது. இந்த முறை அது கேலிதான்.

மாலையில் நத்தை சருகிலிருந்து வெளியே வந்தது. நான்கு முழம். ஐந்து முழம். ஒருமுறை நின்று, கொம்புகளில் ஒன்றை மட்டும் பின்னால் திருப்பி, நாயுருவியின் பூவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டது. நாயுருவி பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தது. மறுநாள் விடிகாலைப் பனியில் நத்தை ஒரு பாறைக்கு அப்பால் வளைந்தது. அதன் பின்னால் ஈரக்கோடு ஒன்று மட்டும் மின்னியது. வெயில் வந்ததும் அதுவும் காய்ந்துவிட்டது.

அப்போதுதான் நாயுருவி கத்தியது. "நத்தை! அது வழி இல்லை! திரும்பி வா!"

கரட்டுக் கற்கள் அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பின. நத்தைக்குக் கேட்கவில்லை. ஒருநாள் முழுதும் வைத்திருந்த சொல்லை, கேட்காத தூரம் வந்த பிறகு சொல்வதற்கு வெட்கம் தடையாக இருப்பதில்லை.

செடிக்குக் கால் இல்லை. அதனால் நாயுருவி, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரையும் கெஞ்ச ஆரம்பித்தது. "ஒரு நத்தை வழி தவறிக் கரட்டுப் பக்கம் போய்விட்டது. யாராவது போய்த் திருப்பி அனுப்புங்களேன்."

மான் காதை ஆட்டிவிட்டு வலப்பக்கம் ஓடியது. முள்ளம்பன்றி, "எனக்குத் தெரிந்தவர்களா?" என்று கேட்டது, இல்லை என்றதும் போய்விட்டது. குரங்குக் கூட்டத்தின் தலைவர், "நத்தைதானே? அதிக தூரம் போயிருக்காது" என்றார். அதை மறுப்பதற்கில்லை. மறுக்க முடியாததைச் சொல்லிவிட்ட திருப்தியில் அவரும் நடந்துவிட்டார்.

"வழி தவறிவிட்டது என்று சொல்கிறாயே" என்றது ஓணான். "அது எங்கே தவறியது?"

நாயுருவி, பாதையில் அடுத்து வருகிறவர் யார் என்று பார்த்தது.

நான்காம் நாளிலிருந்து பனி விழுவது நின்றுவிட்டது. பத்து நாள் விழும் என்று சொன்னவர்கள் யாரோ.

ஐந்தாம் நாள் காலையில் நல்லப்பனும் பாவாயியும் இறங்கி வந்தார்கள். பாவாயியின் கொண்டையில் கோங்கம்பூ ஒன்று இருந்தது. முகத்தில் இன்னும் மஞ்சள் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"அம்மா" என்றது நாயுருவி. "கரட்டுப் பக்கம் ஒரு நத்தை போய்விட்டது. கொஞ்சம் போய்..."

"நத்தை போனா நமக்கென்னுங்க?" என்றான் நல்லப்பன். "போன மாதிரி வரும். வா புள்ள, தறி காத்துக் கெடக்குது."

பாவாயி புன்னகைத்துவிட்டு அவன் பின்னால் நடந்தாள். அவளுடைய சேலைக் கரை நாயுருவியை உரசிக்கொண்டு போனது. அப்போது நாயுருவி அதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தது. வானத்தைப் பார்த்திருந்த பூக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே கவிழ்த்தது. உண்மையைச் சொல்லவேண்டும், ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அதனால் முடியவில்லை. முகத்தைத் தண்டோடு தண்டாக அழுத்தி மறைத்துக்கொண்டது. பூக்கள் கவிழ்ந்தபோது அவற்றின் அடியிலிருந்த கூர்முனைகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டன. அவை சேலைக் கரையைக் கவ்விப் பிடித்தன.

பாவாயி இழுத்தாள். வரவில்லை.

"விடுங்க சாமி, சேல கிழியுது."

"விடமாட்டேன். அந்த நத்தை வழி தவறவில்லை, அம்மா. அது கேட்டது பூ இருக்கும் வழி. நான்தான் பொய் சொல்லிக் கரட்டுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒருநாள் முழுக்க அது என் கண்ணெதிரில் இருந்தது. நான் கூப்பிடவில்லை."

தான் செய்ததை அன்றுதான் அது முதன்முறையாகக் குறைக்காமல் சொன்னது. சொல்லி முடித்ததும் ஓணான்கூடத் தலையாட்டவில்லை.

"ஏனுங்க அப்படிச் செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் பாவாயி.

"அன்று காலையில் இரண்டு பேர் வந்து என் பூவை ஒடித்துப் பல் துலக்கினார்கள். துலக்கிக்கொண்டே, பூ எங்கே என்று என்னிடமே கேட்டார்கள். அந்தக் கோபம்."

பாவாயி நாயுருவியைப் பார்த்தாள். ஒடிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். நல்லப்பன் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"நீதான புள்ள ஒடிக்கச் சொன்ன" என்றான்.

"ஆமாங்க. நாந்தான் சொன்னேன்." அவள் உட்கார்ந்தாள். கவிழ்ந்திருந்த பூவை விரலால் நிமிர்த்திப் பார்க்க முயன்றாள்; அது நிமிரவில்லை. "பூவுன்னு தெரியாமப் போச்சுங்க. கண்ணு இருந்தும் தெரியாமப் போச்சு." எழுந்து கொண்டையிலிருந்த கோங்கம்பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "எந்தப் பக்கம் போச்சுன்னீங்க?"

அவள் இழுத்த இழுப்பில் நாயுருவியின் விதைகள் சேலைக் கரையோடு பிய்ந்து வந்தன. நாயுருவிக்கு அதில் நட்டமில்லை. விதை எங்கே இருந்தாலும் அதுவும் நாயுருவிதான். பிறந்ததிலிருந்து நின்ற இடத்தைவிட்டு முதன்முதலாக அது நகர்ந்தது.

நத்தை அத்தனை நாள் நடந்த தூரத்தைப் பாவாயி இருபத்தேழு எட்டில் கடந்தாள். ஒரு தட்டைக் கல்லின் நிழல் பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலை வெள்ளை மூடி அடைத்திருந்தது. பாவாயி விரல் நகத்தால் தட்டினாள்.

உள்ளிருந்து மிக மெல்லிய குரல் கேட்டது. "யார்? பூ வந்துவிட்டதா?"

பாவாயி சேலைக் கரையை ஓட்டுக்கு அருகில் பிடித்தாள். அது அவள் சொல்லவேண்டிய பதில் அல்ல. சேலைக் கரையிலிருந்து நாயுருவி பேசியது. "நான்தான். நாயுருவி."

"நீங்களா? உங்களால் நடக்க முடியுமா?" அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. "எனக்காகவா வந்தீர்கள்? சற்றுக் களைப்பாக இருந்தது, அதனால்தான் மூடி போட்டேன். இன்னும் எவ்வளவு தூரம்?"

"இது வழி இல்லை. உங்களிடம் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன்."

கரட்டில் வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்து ஓட்டுக்குள் ஏதோ நகர்வதுபோலக் கேட்டது. நத்தைகள் சில சமயம், போட்ட மூடிக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் பின்வாங்கி, இரண்டாவதாக ஒரு மூடி போடும். வெயில் கடுமையானால் அப்படிச் செய்யும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நாயுருவிக்கு அந்த விளக்கம் போதவில்லை.

"மேல கொண்டு போயி வெச்சுட்டா, கண்ணத் தொறந்தா பூ தெரியுமில்லீங்களா?" என்றாள் பாவாயி.

"மறுபடியும் ஆறு மேடா?" என்றான் நல்லப்பன்.

"பல்லு வெளக்குனது யாரு?"

நல்லப்பன் கட்டுச்சோற்று மூட்டையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

நத்தையை உள்ளங்கையில் வைத்து, மற்றொரு கையால் வெயில் படாமல் மூடிக்கொண்டு பாவாயி ஏறினாள். ஐந்தாவது மேட்டில் காற்று முகத்தில் சுட்டது. ஆறாவதில் மஞ்சள் இதழ்கள் எதிரே பறந்து வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. அவள் ஓடினாள். கோங்கம்பாறையில் ஏறியபோது கிளைகள் எல்லாம் காலியாக இருந்தன. பாறை முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அதையும் கூட்டிப் பள்ளத்தில் தள்ளியது.

பெரிய கோங்கின் அடியில், வேர் இடுக்கில் அவள் நத்தையை வைத்தாள். முந்தானையை அவிழ்த்து, முடிந்து வைத்திருந்த பூவை வெளியே எடுத்தாள். கசங்கியிருந்தாலும் மஞ்சள்தான்.

"கண்ணு, ஒருக்காத் தொறந்து பாரு. ஒரே ஒருக்கா. அப்புறம் தூங்கிக்க."

மூடி திறக்கவில்லை. கோபமா, களைப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பூவை வாசலுக்கு எதிரில் வைத்தாள். சேலைக் கரையில் இருந்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நத்தைக்குப் பக்கத்தில், அவை கேட்காமலேயே, மண்ணில் போட்டாள். புருசனும் பெண்டாட்டியும் இறங்கிப் போனார்கள்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. நத்தையின் வெளிமூடி கரைந்தது. உள்மூடி இருந்தது. விதை முளைத்தது. வைகாசி, ஆனி. கோங்கு முழுக்க இலையாகிவிட்டது. நாயுருவி வளர்ந்தது, கதிர் விட்டது, பூத்தது. பூத்த ஒவ்வொரு பூவும் கவிழ்ந்தது. வானத்தைப் பார்க்க அதற்குப் பழைய தைரியம் இல்லை. முகம் தரையைப் பார்த்தே இருந்தது. தரையில் நத்தை இருந்தது.

ஆடி மழையில் இரண்டாவது மூடியும் கரைந்தது.

நத்தை வெளியே வந்தது. முதலில் ஒரு கொம்பு, பிறகு மற்றது. எதிரில் கறுத்துச் சுருங்கிய துணுக்கு ஒன்று கிடந்தது. நத்தை அதைத் தொட்டுப் பார்த்தது. அது பூ என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எந்த நிறத்தில் இருந்தது என்பது தெரியவில்லை. சுற்றிலும் எல்லாம் பச்சை. நத்தைகள் எல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற அதே மழைக்காலப் பச்சை.

பிறகு நிமிர்ந்தது. அதன் தலைக்கு நேர்மேலே நாயுருவியின் பூக்கள் கவிழ்ந்திருந்தன. மனிதர் யாரும் அந்த முகத்தை அன்று பார்த்திருக்க முடியாது. தரையோடு தரையாக நகர்கிற ஒன்றுக்குத்தான் அது தெரியும். நாயுருவி முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தது. கவிழ்ந்த முகத்தை மேலும் எந்தப் பக்கம் திருப்புவது?

நத்தை பார்த்துக்கொண்டே இருந்தது. அது எதையும் மெதுவாகத்தான் செய்யும்.

"ஓடைக்குப் போகவேண்டும்" என்றது கடைசியில். "மூடிக்குள் இருந்ததால் வந்த வழி தெரியாது."

அங்கே வேறு யாரும் இல்லை. நாயுருவியிடம்தான் அது கேட்கவேண்டியிருந்தது. நாயுருவிக்கு வழி தெரியும். ஏழு மேடும், ஒவ்வொரு திருப்பமும், பாதை பிரியும் இடமும் நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தது. திறந்தபோது, தான் முன்பு சொன்ன ஒரே ஒரு சொல் நினைவுக்கு வந்தது. 'இடப்பக்கம்.' இப்போது எந்தப் பக்கம் என்று சொன்னாலும் அது அதே வாய் சொல்லும் சொல்தான். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

நத்தை கொம்புகளை இறக்கத்தின் பக்கம் திருப்பியது.

"சொல்ல வேண்டாம்" என்றது பிறகு. "கூட வாருங்கள்."

மன்னித்துச் சொன்னதா, நம்பாமல் சொன்னதா என்று நாயுருவி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு யோசிக்க நேரமில்லை. நத்தை நகரத் தொடங்கிவிட்டது. நாயுருவி குனிந்து, தன் விதை ஒன்றை அதன் ஓட்டின் ஈர முதுகில் ஒட்டிவிட்டது. இருவரும் இறங்கினார்கள். பாதை பிரியும் இடம் வந்தபோது, மேலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே வழி கேட்க அவசியமே இல்லை என்றாலும், விதை நத்தையின் ஓட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அன்று முதல்தான் நாயுருவியின் பூக்கள் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கின்றன. அன்று முதல்தான், பூப் பார்க்க மலையேறுகிற ஒருவர் வேட்டியையும் ஒருவர் சேலையையும் அது சும்மா விடுவதில்லை. நாம் வீடு வந்து சேர்ந்து, வாசலில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே அதன் விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுகிறோம். அது யாருக்கும் வாயால் வழி சொல்வதில்லை. கூடவே வந்துவிடுகிறது.